கோட்டுக்கு என் பக்கம்

டகோட்டா, ஜனவரி

அன்பு மகளே,

தந்தி வந்திருக்கும். கிளம்பிவிடாதே, பனியில் ரயில் ஓடவில்லை. பசுக்கள் நலம்.

நார்வேயிலிருந்து தனியாகக் கப்பலேறி அமெரிக்கா வந்து, கல்யாணத்துக்கு முன்பே தன் பெயரில் அரசு நிலம் எடுத்தவள் உன் அம்மா. பக்கத்து நிலம் என்னுடையது. அவரவர் நிலத்திலேயே குடியிருந்தால்தான் பட்டா என்றார்கள். அதனால் எல்லைக்கோட்டின் மேலேயே வீட்டைக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் கட்டில் போட்டோம். பட்டா கைக்கு வந்த பிறகும் அவள் தன் கட்டிலை நகர்த்தவில்லை.

"எம் மண்ணுலதான் தூங்குவேன். வேணும்னா நீங்க கோட்டத் தாண்டி வாங்க" என்பாள்.

போன வாரம் காய்ச்சலில் நடுங்கியவளை அடுப்பருகே கொண்டுபோகக் கட்டிலைத் தொட்டேன். அடுப்பு என் பக்கம். "அங்கயே விடுங்க" என்று முறைத்தாள். விட்டுவிட்டேன்.

அவளுக்குக் குழி தோண்டப் பக்கத்துப் பண்ணை ஹால்வோர் கடப்பாரையோடு வந்தான். "தரை உறைஞ்சு இரும்பா கெடக்குய்யா. ஏப்ரல் வரைக்கும் தோண்ட முடியாது" என்றான். அவள் நிலத்தில், அவள் நட்ட மரத்தடியில்தான் குழி, அதில் மாற்றமில்லை. அதுவரை பெட்டி தானியக் கொட்டகையில் இருக்கும்.

கொட்டகை என் பக்கம். முதல் முறையாக உன் அம்மா என் நிலத்தில் தூங்குகிறாள்.

மண் மெதுவாகவே இளகட்டும்.

உன் அப்பா