உன் பக்கத்து சீட்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். நீ உன் தங்கை வீட்டுக்குப் போய் ஏழு வாரமாகிறது. போனை எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

பழைய காரின் சீட்டுக்கு வீட்டிலேயே புது உறை தைக்கிறேன். நான்கு போல்ட்டைக் கழற்றி, என் சீட்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. உன் தையல் மெஷினில் ரெக்சின் ஓடுமா? தடித்த ஊசி எங்கே?

அன்புடன்,
வீட்டுக்காரன்

மார்ச் 9

ஐயா அவர்களுக்கு,

பதினெட்டாம் நம்பர் ஊசி, பொத்தான் டப்பாவுக்குள் இருக்கிறது. தையலை நீளமாகப் போடுங்கள். நெருக்கிப் போட்டால் ரெக்சின் தபால்தலை மாதிரி கிழியும். பழைய உறையைப் பிரித்து, அதையே அளவாக வைத்து வெட்டுங்கள்.

முதலில் உங்கள் சீட்டா? வழக்கம்தானே. என் பக்கத்து சீட்டில் ஆறு வருடமாகக் கம்பி குத்துகிறது. சொன்னபோதெல்லாம் "கொஞ்சம் தள்ளி உக்காரேன்" என்றீர்கள். தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன், இருநூறு கிலோமீட்டர்.

இப்படிக்கு,
பயணி

மார்ச் 24

அன்புள்ள வாயாடிக்கு,

"ஐயா" என்று ஆரம்பித்திருந்தாய். பேங்க் மேனேஜருக்கு மனு போட்டது போலிருந்தது.

ரெக்சினைக் கவிழ்த்துப் போட்டு, பழைய உறையை மேலே வைத்து, சாக்பீஸால் வரைந்து வெட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தைத்தேன். மாட்டிப் பார்த்தால், சாய்க்கும் கைப்பிடிக்கான ஓட்டை எதிர்ப்பக்கம் இருக்கிறது. பழைய உறையையும் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். வலது இடதாகிவிட்டது.

பக்கத்து வீட்டு மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன சார், அம்மா சீட்டுக்குத் தச்சு வச்சிருக்கீங்க! பேசாம அவங்களுக்காகவே தச்சேன்னு எழுதிடுங்க."

எழுத மனம் வரவில்லை. தப்பாகத்தான் உன் பக்கம் வந்தது. ஆனால் அதை மாட்டுவதற்கு முன், என் சீட்டை உறையில்லாமலே காரில் திரும்பப் பொருத்தி, அவரை ஓட்டச் சொல்லி, உன் சீட்டில் உட்கார்ந்து கடைத்தெரு வரை போய்வந்தேன். குத்துகிறது. தள்ளி உட்கார இடமே இல்லை. அந்தக் கம்பியை வெட்டியெடுத்து ஸ்பாஞ்ச் வைத்தேன். அது மட்டும் தெரிந்தே செய்தது.

ரெக்சின் தீர்ந்துவிட்டது, என் சீட் இன்னும் உறையில்லாமல்தான் இருக்கிறது. ஞாயிறன்று அழைக்க வரட்டுமா?

வீட்டுக்காரன்

மார்ச் 28

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "இந்த மனுஷனுக்கு ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியலையேக்கா" என்றாள் தங்கை. சொல்லியிருந்தால் நான் பதிலே போட்டிருக்க மாட்டேன்.

ஞாயிறன்று வாருங்கள். உங்கள் சீட்டுக்கு இங்கே ரெக்சின் வாங்கிவிட்டேன். நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பழைய உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்தத் தடவை நான் வெட்டுகிறேன்.

வாயாடி