ஆளுக்கொரு சுருள்

மார்ச் 3

வாயாடிக்கு,

நலம். நீயும் நலம்தானே? நம் குடித்தனம் ரெண்டான அன்று அந்த ஊமைப் படத்தையும் ஆளுக்கொரு சுருளாக எடுத்துக்கொண்டோமே, தோளில் ஏணியோடு தெருவையே தட்டிவிடும் பெயிண்டர் படம், அதற்கு உலகத்தில் வேறு பிரதியே கிடையாதாம். பழைய படம் சேகரிக்கும் ஒருவர் நடையாய் நடக்கிறார். பாதி அவருக்கு வேண்டாம். முழுசாகக் கொடுத்தால் கேட்டதைத் தருவாராம். உன் சுருளை அனுப்பு. கிடைப்பதில் உனக்கும் பங்கு.

இப்படிக்கு,
போலீஸ்காரன்

மார்ச் 11

போலீஸ்காரருக்கு,

ஐந்து வருஷம் கழித்து ஒரு கடிதம், அதிலும் வியாபாரம்! அப்போதெல்லாம் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். அந்தப் படம் ஓடினால் மட்டும் அதில் வரும் போலீஸ்காரருக்குக் குரல் கொடுப்பீர்கள்: "டேய், ஏணிய இறக்குடா!" பெயிண்டருக்கு நான்: "எங்க இறக்க, உங்க தலையிலயா?" சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் மறுபடி ஊமை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோதும் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டையாவது போட்டிருந்தால் நான் போகவிடாமல் தடுத்திருப்பேன்.

சுருளை அனுப்பியிருக்கிறேன். பங்கு வேண்டாம். தையலறைச் சுவரில் திரைத்துணி இன்னும் அப்படியே தொங்குகிறது. அவிழ்க்கச் சோம்பல், வேறொன்றுமில்லை.

வாயாடி

மார்ச் 20

என் அன்பு வாயாடிக்கு,

சேகரிப்பவர் வந்தார். இரண்டு சுருளையும் போட்டுக் காட்டினேன். கீறல் இருக்கிறதா என்றுதான் பார்த்தார். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. ஏணி திரும்பியதும் என்னையறியாமல், "டேய், ஏணிய இறக்குடா!" என்று கத்திவிட்டேன். பதில் சொல்ல நீ இல்லை. அவர்தான், "சார், கொஞ்சம் சும்மா இருங்க. இது ஊமைப் படம்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாங்கிப் பூட்டி வைப்பாராம், யாருக்கும் காட்டமாட்டாராம். கொடுப்பதாக இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

பேசத் தெரியாதவன், எழுதுகிறேன். நீ இல்லாமல் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை படத்தோடு வரட்டுமா?

உன் போலீஸ்காரன்

மார்ச் 24

என் போலீஸ்காரருக்கு,

வாருங்கள். திரைத்துணியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். ஆனால் ஒன்று. விளக்கைப் போட்ட பிறகும் பேச வேண்டும். என்னைத் திட்டினாலும் சரி.

உங்கள் வாயாடி