காபி என்றதும் எழுந்தவர்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் தங்கையும் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கண் நிறையத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். கையெழுத்து என்னுடையது இல்லையே என்று பதறாதே. வலது உள்ளங்கையில் இன்னும் கட்டு இருக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதடி என்றால், கடிதம் என்றால் ஒழுங்கான தமிழில்தான் எழுத வேண்டும் என்கிறாள். ஆகவே சொல்வது நான், இலக்கணம் அவள். போனில் நீ அழுதுகொண்டே, உனக்கு வேலை போய்விட்டால் வீடு எப்படிம்மா ஓடும், நான் நர்ஸ் பயிற்சியை விட்டுட்டு வந்துடறேன் என்றாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவசரப்பட்டுப் பெட்டி கட்டாதே, முழுவதும் படி.

கம்பெனியில் நடந்தது உனக்கு அரையும் குறையுமாகத்தான் தெரியும். அன்றைக்கு மதியம் நான் வழக்கம்போல மேஜையில் சட்டைகளைப் பிரித்து, தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேஜைக்கு அடுத்தது இஸ்திரிப் பகுதி, அதனால் துணி கருகும் வாசம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு வந்தது பாலித்தீன் உருகுகிற வாசம். எழுந்து போய்ப் பார்த்தால், பேக்கிங் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் சுவரோடு தீ ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளே யாரும் இல்லை, அதுவே முதல் புண்ணியம். இரும்பு ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, அதில்தான் கை பொத்துப்போனது, ஓடிவந்து அபாய மணியை அழுத்தினேன். மணி நன்றாகத்தான் அடித்தது. ஒருத்தரும் அசையவில்லை. எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எங்கள் கம்பெனியில் தீ ஒத்திகை என்று மாதம் ஒருமுறை மணி அடிப்பார்கள், வேலை நேரம் வீணாகக் கூடாதென்று அதைக் காபி இடைவேளைக்குச் சற்று முன்னால்தான் வைப்பார்கள். மணி அடித்தால் டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் காபி வாங்கிக் குடிப்பது என்று வருஷக்கணக்காகப் பழகிவிட்டோம், நானும்தான். அன்றைக்குக் காபிக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. மணிக்கு மூளை குழம்பிடுச்சு போல என்று யாரோ சொல்ல, மிஷின்கள் தங்கள் பாட்டுக்கு ஓடின.

நான் ஃபயர் ஃபயர் என்று கத்தினேன். அந்த வார்த்தை எங்கள் தளத்தில் என்ன பாடுபடுகிறது என்று உனக்குத் தெரியாது. அவசர ஆர்டர் வந்தால் அந்தத் துணிக்கட்டில் சிவப்புச் சீட்டுக் குத்தி ஃபயர் என்று எழுதுவார்கள். யாராவது புதுத் துணி உடுத்தி வந்தால் சின்னப் பெண்களுக்கு அது ஃபயர். சூப்பர்வைசர், கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பேர் நெருப்புக்கோழி, ஒரு நாளைக்குப் பத்துப் பேரையாவது ஃபயர் பண்ணிடுவேன் என்று மிரட்டுவார். அதனால் நான் கத்தியதும் மூன்றாவது வரிசைக்காரி தலையைக்கூடத் தூக்காமல், இன்னைக்கு யாரையாம் என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவள், உன்னையாத்தான் இருக்கும், நேத்து ரெண்டு காலரைத் தலைகீழா தச்சியே என்றாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தீப்பிடிச்சிருச்சு என்று தமிழில் அலறியிருக்கலாமே என்று உன் தங்கை இப்போது கேட்கிறாள். வாய் வரைக்கும் வந்ததடி. ஆனால் எங்கள் மாடிப்படி இரண்டு பேர் சேர்ந்து இறங்க முடியாத படி. அத்தனை பேரும் அலறிக்கொண்டு அதில் விழுந்தால் தீ செய்யாததைப் படி செய்துவிடும். அப்போதுதான், காபி வந்தாச்சு, இன்னைக்குச் சீக்கிரமாம், ஆறிப்போறதுக்குள்ள வாங்க என்று என் வாயில் எப்படியோ வந்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. டம்ளரும் கையுமாக, பேசிக்கொண்டு, வரிசையாக இறங்கினார்கள். மாசமாக இருக்கும் காஜாக்காரி கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்க, பின்னால் வந்தவர்கள் அவளுக்காக நின்று நின்று வந்தார்கள். இஸ்திரி அண்ணன் பெட்டியை அணைத்துவிட்டுக் கடைசியாக வந்தார். கீழே வந்ததும், எங்கக்கா காபி, வயசானா பொய்யும் பேசுவீங்களா என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மேலே கையைக் காட்டினேன். ஜன்னல் வழியாகக் கரும்புகை வந்துகொண்டிருந்தது.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்துவிட்டது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அனுப்பத் தயாராக இருந்த சரக்கில் எரிந்தது பாதி, நனைந்தது பாதி. மறுநாள் முதலாளி அறையில் என்னை நிற்கவைத்து, தளத்தை நிறுத்த உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது, எல்லாரும் மேலேயே இருந்திருந்தா சரக்கையாவது இழுத்துப் போட்டிருக்கலாம், பொய் சொல்லி ஆளைக் கிளப்பினது ஒழுங்கீனம், முடிவு சொல்லும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இரவுதான் உனக்குப் போன் செய்தேன். நாலு நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா சைக்கிள் கடையை மதியமே மூடிவிட்டு வந்து சமைத்தார், அது சாதமா களியா என்று கேட்கக் கூடாது, ஆனால் தட்டில் போட்டு ஊட்டிவிட்டார், அதற்கு முன்னால் எந்தச் சமையலும் நிற்காது. உன் தங்கை தன் பங்குக்கு அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தையைத் தோண்டினாள். அடுப்பெரிப்பது, துப்பாக்கி வெடிப்பது, மண்பாண்டம் சுடுவது, என்ஜினைக் கிளப்புவது, அடுக்கடுக்காகக் கேள்வி கேட்பது, ஆளை வேலையை விட்டு அனுப்புவது எல்லாமே அந்த வார்த்தைதானாம், பக்கம் முடிந்தாலும் அது முடியவில்லையாம். வீட்டு வேலை மொத்தத்தையும் ஒரே மருமகள் தலையில் கட்டினது மாதிரி இருக்கே என்றேன். நம் தமிழ் மட்டும் என்ன, ரொட்டியும் சுடுகிறோம், துப்பாக்கியாலும் சுடுகிறோம், அடுத்தவர் பேனாவையும் சுடுகிறோம் என்று அப்பா சொன்னதும், எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் சிரித்தேன். உன் தங்கைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். (அம்மா சொன்னதால் இதை எழுதுகிறேன், நானாகச் சேர்க்கவில்லை. தங்கை.)

ஐந்தாம் நாள் என்னை அழைத்தார்கள். போய் நின்றால், உள்ளே நெருப்புக்கோழி நிற்கிறார். போச்சு, கொஞ்சநஞ்சம் இருப்பதையும் இவர் பற்றவைத்துவிடுவார் என்று நினைத்தேன். முதலாளி அவரிடம், தளப் பொறுப்பு உங்களோடது, நீங்க ஏன் இந்தம்மாவைத் தடுக்கலை என்று கேட்டார். அவர் கழுத்தை நீட்டாமல், தலையைக் குனிந்துகொண்டு, நானும் காபிக்குத்தான் சார் இறங்கினேன் என்றார். அந்த மணி என் காதிலயும் விழுந்துச்சு, இந்தம்மா கத்தினதும் விழுந்துச்சு, நான்தான் எழுந்திருக்கலை, காபின்னதும் எழுந்தேன், என் மிஷின் வரிசைக்கு நேர் பின்னாலதான் சார் அந்தச் சுவரு, இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தா உங்க கேள்விக்குப் பதில் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன், யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்புங்க என்றார். முதலாளி எதிரிலிருந்த காகிதத்தை மூடிவைத்துவிட்டு, ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க என்றார். எத்தனை வருஷம் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, அவர் வேலைக்கும் ஆபத்துதான். வெளியில் வந்து நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர், கையில கட்டோட சட்டையைத் தொடாதீங்க, கறைபடும் என்று அதட்டிவிட்டுப் போய்விட்டார். அதையும் ஆசீர்வாதமாக வாங்கிக்கொண்டேன்.

இப்போது ஒத்திகைக்கு நேரம் காலம் கிடையாது. மணி அடிக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நேற்று நடுவேலையில் முதல்முறை அடித்தேன். முனகிக்கொண்டேதான், ஆனால் அத்தனை பேரும் இறங்கினார்கள். இஸ்திரி அண்ணன், என்னக்கா, துணியெல்லாம் பாதியில காயுது, இப்படிச் சும்மா சும்மா கூப்பிடறீங்களே என்று சலித்துக்கொண்டார். சும்மா கூப்பிட்டேனேன்னு சந்தோஷப்படுங்க அண்ணே என்றேன்.

ஆகையால் கண்ணு, நீ வரவேண்டாம், படிப்பை முடி. நீ எடுத்த படிப்பில் நன்றாக வருவாய், நோயாளிகள் உன் கையால் தேறட்டும், உன் உடம்புக்கும் மனதுக்கும் குறை வராமல் இருக்கட்டும். உன் விடுதியில் அவசரக் கதவு எங்கே இருக்கிறது, அது உள்பக்கமிருந்து திறக்கிறதா என்று இன்றைக்கே போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு எழுது.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா
(கை ஆறும்வரை அம்மாவின் கை: உன் தங்கை)