சூப்பர் என்று நான் சொன்னதன் மீதி

ஜூன் 14, சனி

காலையிலேயே அனல். சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு வெளியே டிராக்டர் வரிசை. நகரியிலிருந்து லோடு ஏற்றி வந்து இரண்டு நாள், கேட் இன்னும் கண்ணில் படவில்லை. முன்னால் நிற்பது நம்மூர் ஏழுமலை வண்டி.

மத்தியானம் டிவிக்காரன் ஒருத்தன் மைக்கை நீட்டி, ரேட் எப்படி என்றான். தெலுங்கில் சொன்னேன். ரேட்டா, சூப்பர். மாட்டுக்குக் கொட்டுகிற அளவுக்கு சூப்பர். சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பு. அழ வெட்கம், அதனால். தன் வண்டியும் டிவியில் வரும் என்று ஏழுமலை செல்லில் எல்லாவற்றையும் பிடித்தான்.

வாங்க: குளுக்கோஸ், தார்ப்பாய்க் கயிறு.

ஜூன் 15, ஞாயிறு

டிவியில் வந்துவிட்டேன். 'சூப்பர்' வரை வைத்து, மாட்டுப் பேச்சை வெட்டிவிட்டு, நேராகச் சிரிப்பு. கீழே பெரிய எழுத்து: மா விவசாயிகள் மகிழ்ச்சி.

வீட்டுக்காரியிடம் போனில் திட்டு. கிழிந்த பனியனோடு டிவிக்குப் போனேனாம். மானம் போனது பனியனால் என்று நினைக்கிறாள்.

திருப்பதி செல்போன் கம்பெனியில் வேலை செய்யும் மகள் தேவி கூப்பிட்டாள். "நைனா, நீ மீம் ஆயிட்ட." அனுப்பியும் வைத்தாள். என் சிரிப்புக்கு மேல் எழுத்து:

சம்பளம் வந்த அன்னிக்கு நான்.
கரண்ட் போயி அஞ்சு மணி நேரம்.
மாமியார் பத்து நாள் தங்கப் போறாங்களாம்.

மூன்றாவதற்கு நானே சிரித்துவிட்டேன். எட்டாம் கிளாஸில் ஃபெயிலான முகம், எங்கெல்லாம் போகிறது.

ஜூன் 17, செவ்வாய்

விலை பேச வரிசையிலிருந்து நாலு பேர் உள்ளே போனார்கள். மேனேஜர் தன் செல்லில் என்னைக் காட்டி, உங்க ஆளே சூப்பர்னு சிரிக்கிறான், அப்புறம் என்ன என்று அனுப்பிவிட்டானாம். திரும்பி வந்தவர்கள் என்னிடம் பேசவில்லை. ஏழுமலை தனியாக டீ குடித்தான். "உனக்கு இன்னாப்பா, நீ சூப்பரா கீற."

அடிப்பழம் நசுங்கிச் சாறு ரோட்டில். ஈ.

பத்து நிமிஷம் சும்மா கோபம். அப்புறம் யோசனை. ஏழுமலையிடம் அவன் எடுத்த வீடியோவைக் கேட்டேன். முறைத்துக்கொண்டே தேவிக்கு அனுப்பினான். அவளுக்குத் தயக்கம். முகத்தை மறைத்துவிடட்டுமா, இன்னும் சிரிப்பார்கள் என்றாள்.

"சிரிக்கட்டும். பாதியப் பாத்து சிரிச்சவங்க முழுசும் பாத்துட்டு சிரிக்கட்டும்."

ஜூன் 18, புதன்

ஷிஃப்ட் முடிந்து தேவி செய்தது: முதலில் டிவி எழுத்து, மகிழ்ச்சி. பிறகு நான், மாடு வரைக்கும். பிறகு ஒழுகுகிற டிராக்டர், அதன்மேல் என் சிரிப்பு. அவ்வளவுதான்.

சாயந்திரத்துக்குள் பலமனேர்க்காரர்கள், பங்காருபாளையத்துக்காரர்கள் அவரவர் லோடைப் படம் பிடித்து என் சிரிப்பை ஒட்டிவிட்டார்கள். அழுகுகிற பழம் எல்லாம் ஒரே குரலில் சிரிக்கிறது. அதே டிவியும் போட்டது, 'வைரல் விவசாயி' என்று. வெட்டினது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

ஏழுமலை டீ வாங்கிக் கொடுத்தான். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. சர்க்கரை கூடப் போடச் சொன்னான்.

ஜூன் 19, வியாழன்

வெயில் தணியவில்லை. ஃபேக்டரி ஆள் ஒருத்தன் என்னைத் தேடி வந்தான். மாட்டுப் பேச்சை விட்டுவிட்டு, சந்தோஷமாக ஒரு தடவை சூப்பர் என்று சொல்லணுமாம். சொன்னால் என் வண்டி இப்போதே உள்ளே. ஆசை வந்தது, பொய் எழுதுவானேன். மேலடுக்குப் பழமும் இன்றைக்கு மேல் தாங்காது.

"அத்த இன்னொரு தபா சொல்லு சார். ஏழுமலை செல்லு புடிச்சிக்கினு கீறான்" என்றேன்.

செல்லைப் பார்த்தான். போய்விட்டான். வரிசை முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை, முதல் தடவையாக.

மறுபடி ஆள் வந்தது. மூணு மணிக்கு நாலு பேர் விலை பேச வரலாமாம், என்னையும் சேர்த்து. செல்லை மட்டும் கேட்டில் கொடுத்துவிட்டு வரணுமாம்.

கொடுக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பியாச்சு.