மலையில் கூப்பிட்ட பெயர்

சொன்னால் நீ சிரிப்பாய். போன சனிக்கிழமை முன்பின் தெரியாத ஒரு கிழவரை மோப்பம் பிடித்துக்கொண்டே சிராங்கூன் சாலையில் பின்தொடர்ந்தேன். ஐம்பதைத் தாண்டியவள், கையில் முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும், மூக்கு மட்டும் நாய்க்குட்டியுடையதுபோல முன்னால் நீண்டிருக்கிறது. அவர் நகைக்கடை வரிசையைத் தாண்டினார், நானும் தாண்டினேன். அவர் சந்துக்குள் திரும்பினார், நானும் திரும்பினேன். கடைசியில் நின்று, "என்னம்மா, எதையாச்சும் தொலச்சிட்டியா?" என்று கேட்டார். உங்கள் சுருட்டு வாசனைக்காகத்தான் வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? ஏதோ உளறினேன். தெருவில் புகைத்ததற்கு அபராதம் போட வந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ, சுருட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி கூட்டத்தில் கலந்துவிட்டார். பூக்கடைக்காரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தக் கடைப்பக்கம் இனி ஒரு மாதத்துக்குப் போக முடியாது.

அந்த வாசனையை நான் இதற்கு முன்னால் முகர்ந்தது பெரு நாட்டு மலையில், மேகத்துக்குள், உன் மழைக்கோட்டில். நீ வாழ்நாளில் ஒரு தடவைகூடப் புகைபிடித்தவள் இல்லை.

மச்சு பிச்சுவுக்கு நடந்தே போக வேண்டும் என்பது உன் ஆசை. எனக்கு ரயிலில் போய், இடிபாடுகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்து, ஊருக்குத் திரும்பிப் பீற்றிக்கொண்டால் போதும். "ரயில்ல போறதுக்கு நம்ம ஊரு செந்தோசாவுக்கே போயிடலாம் லா," என்று என் வாயை அடைத்தாய். பயிற்சிக்காக உன் வீவக அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளில் மூட்டை சுமந்து ஏறி இறங்கினோம். மின்தூக்கி கெட்டுவிட்டது என்று பயந்து பத்தாம் மாடிச் சீனப் பாட்டி நகர மன்றத்துக்குத் தொலைபேசி செய்துவிட்டார்.

அந்தப் பாதையில் தன்னிஷ்டத்துக்கு நடக்க முடியாது. வழிகாட்டி வேண்டும், கடவுச்சீட்டில் உள்ள பெயரிலேயே அனுமதிச் சீட்டும் வேண்டும். நம் வழிகாட்டி ஹூலியோ, சீட்டில் கடைசியாக இருக்கும் சொல்தான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டார். உன் கடவுச்சீட்டில் உன் பெயர், பிறகு 'டாட்டர் ஆஃப்', பிறகு அப்பா பெயர். ஆகவே நீ அவருக்குக் கோவிந்தசாமி ஆனாய்.

உன் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. உன் அப்பா சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலைக்குப் போனவர், வாயில் எப்போதும் சுருட்டு இருக்குமாம். நீ தொடக்கப்பள்ளியில் இருந்தபோது கடலில் காணாமல் போனார், உடல் கிடைக்கவே இல்லை. உன் அம்மா தன் கடைசி நாள்வரை பொட்டை அழிக்கவில்லை, காரியம் செய்யவும் விடவில்லை. வரப்போகிற மனுஷனுக்கு யாராவது காரியம் செய்வார்களா என்று கேட்பார். பெயரைச் சொன்னால் அழுகை வரும் என்று, சொல்லாமலே ஒரு குடும்பம் வளர்ந்துவிட்டது.

முதல் முகாமிலிருந்து கிளம்பிய காலையில், கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு சுமைதூக்கிகள் முன்னால் ஓடிவிட்டார்கள். ஹூலியோ மட்டும் காலியான புல்வெளியைப் பார்த்து நின்றார். தொப்பியைக் கழற்றி, யாரையோ அருகே வரச்சொல்வதுபோலக் காற்றை வாரினார். ஒவ்வொரு பெயராகச் சொல்லி "ஹம்புய், ஹம்புய்" என்றார். அவர்கள் மொழியில் 'திரும்பி வா' என்று பொருள். களைத்தாலோ பயந்தாலோ உயிர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுமாம், உடம்பு அது தெரியாமல் நடந்து போய்விடுமாம். அதனால் ஓர் இடத்தை விட்டுப் புறப்படும்போது பெயர் சொல்லிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், தன் அம்மா அப்படித்தான் செய்வார் என்றார். என் உயிர் நேற்றிலிருந்து கழிப்பறைக் கூடாரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, அங்கே போய்க் கூப்பிடச் சொல் என்று உன் காதில் சொன்னேன். நீ சிரித்தாய். நீ சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அடுத்து அவர், "கோவிந்தசாமி, ஹம்புய்" என்றார். எதிர்ப்பக்க மலைச்சுவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. திரும்பி வந்த குரல் ஹூலியோவின் குரலைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்ததாக எனக்குப் பட்டது.

அவரிடம் சொல்லித் திருத்தட்டுமா என்று கேட்டேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"விடு லா. அந்தப் பேர யாரும் இவ்ளோ சத்தமா சொல்லி நான் கேட்டதே இல்ல. கூப்பிடட்டும்."

அந்தப் பாதையிலேயே மிக உயரமான இடத்துக்குப் பெயரே 'செத்த பெண்ணின் கணவாய்'. நடுவயதுப் பெண்கள் இருவர் மூச்சு முட்ட அதை நோக்கி ஏறுவதில் உள்ள நகைச்சுவையை உனக்குப் பலமுறை விளக்கினேன். நீ காதில் வாங்கவில்லை. நம் குழுவில் இருந்த டச்சு ஜோடி கணவன் மனைவியே இல்லை என்று நான் துப்பறிந்து வந்து சொன்னபோதும், "ம்" என்றாய். அந்த மாதிரிச் செய்திக்கு ஒற்றை "ம்" போடுகிற ஆளா நீ? பாதையின் உள்பக்கமாக, பாறையை உரசிக்கொண்டு நடந்தாய், உன் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு. படிகள் குறுகிய இடங்களில் நின்று, காத்திருந்து, யாரையோ முன்னால் போகவிட்ட பிறகே ஏறினாய்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் கைகால் கழுவ ஆளுக்கு ஒரு கிண்ணம் வெந்நீர் கொண்டுவந்து வைப்பார்கள். நம் கூடாரத்தில் இருந்தது நீயும் நானும். அன்று மாலை மூன்று கிண்ணம் வைத்திருந்தார்கள். கணக்குத் தப்பிவிட்டது என்று நினைத்து, சுமைதூக்கியிடம் ஒன்றை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிச் சைகை காட்டினேன். அவர் எடுக்கவில்லை. மோவாயால் கூடாரத்தின் உள்பக்கத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே எட்டிப் பார்த்தேன். நம் மூட்டைகள்தான் இருந்தன. நீ வெளியே என் பக்கத்தில்தான் நின்றாய். சூப் குடித்துவிட்டு வந்து பார்த்தால், மூன்றாவது கிண்ணத்துத் தண்ணீர் கறுத்திருந்தது. மேலே எண்ணெய் படர்ந்திருந்தது, இயந்திரத்தில் கைவைத்தவர் கழுவிய தண்ணீர்போல. நீ அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பிறகு அதை ரொம்பப் பத்திரமாக எடுத்துப்போய்ப் புல்லில் ஊற்றினாய்.

மறுநாள் மேகம் தரைவரை இறங்கியிருந்தது. வழியில் இடிந்த ஊர் ஒன்று. கூரையில்லாத அறைகள், சுவரெல்லாம் விளக்கு வைக்கிற மாதிரிக் கல்மாடங்கள். ஹூலியோ நட்சத்திரங்களைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது உன்னைக் காணவில்லை. தேடிக்கொண்டு உள்ளே உள்ளே போனேன். கடைசி அறைக்கு வெளியே சுருட்டு வாசனை அடித்தது. அந்த உயரத்தில் நமக்கு மூச்சு விடவே காற்றுப் போதவில்லை, யார் புகைப்பது? நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய், வாசனை உன் மழைக்கோட்டிலிருந்து வந்தது. உன் குரல் உன் வயதில் இல்லை.

"அம்மா இப்ப இல்லப்பா. தம்பி இருக்கான். வீட்டுக்குப் போலாம்பா."

என்னைப் போன்ற வாயாடிக்கு அது எப்பேர்ப்பட்ட விருந்து! ஆனால் சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்தேன். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னை நீ நம்ப மாட்டாய், ஆனாலும் சொல்லவில்லை.

கடைசி முகாமிலிருந்து கிளம்பும்போதும் ஹூலியோ வழக்கம்போலக் கூப்பிட்டார். "கோவிந்தசாமி, ஹம்புய்." நீ கிளம்பிய வேகத்தை நான் பார்த்ததே இல்லை. இடது கை சற்றே உயர்ந்திருந்தது, பெரியவர் யாருடைய விரலையோ பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளையின் கைபோல. மண்டாய்ச் சுடுகாட்டில் காரியம் முடித்து வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தார்கள். நான் எந்த நல்ல பேச்சைக் கேட்டிருக்கிறேன்? திரும்பிப் பார்த்தேன். காலியான முகாமில், கல்வரப்பின்மேல், நீல மழைக்கோட்டோடு நீ உட்கார்ந்திருந்தாய். கன்னத்தில் கை. யாராவது கூப்பிட்டால் எழுந்து வரலாம் என்று இருப்பவள்போல.

முன்னால் பார்த்தேன். நீல மழைக்கோட்டோடு நீ போய்க்கொண்டிருந்தாய்.

கண்ணாடியில் பனி படிந்திருந்தது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உயரத்தில் மூளைக்குப் போகும் காற்றும் குறைவு, என் மூளைக்குச் சமதரையிலேயே குறைவு. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேதான் மச்சு பிச்சு வந்து சேர்ந்தேன். பேருந்தில் வந்து இறங்கியவர்கள் பவுடர் மணக்கப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய கல்நகரத்தை நீ ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, போகலாம் என்றாய். இத்தனை வருடம் ஆசைப்பட்டவள் நீ.

சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ஆயுசுக்கும் பால் ஊற்றி ஆற்றிய தே தாரே குடித்தவள், தேக்கா சந்தைக் கடையில் உட்கார்ந்து பால் சேர்க்காத கோப்பி ஓ கேட்டாய். அதைச் சாசரில் ஊற்றி ஊதிக் குடித்தாய். மருந்தகத்தில் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது தாதி உன் பெயரை மறுபடி மறுபடி கூப்பிட்டார், நீ சுவரிலிருந்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். நான் முழங்கையால் இடித்தபோது, "யார கூப்பிடுறாங்க?" என்றாய். அன்றைக்கு வெளியே பேருந்துக்காக நிற்கும்போது சொன்னாய்.

"அப்பா வந்துட்டாரு. நான்தான் இன்னும் வந்து சேரலன்னு தோணுது."

லக்கேஜ்போல நீ அடுத்த விமானத்தில் வருவாய் என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதானே, பயம் வந்தால் ஜோக் அடிப்பது. நீ சிரிக்கவில்லை.

"ஒரு தடவ நீ கூப்பிட்டுப் பாரேன்."

கூப்பிட்டேன். பேருந்து நிறுத்தத்தில், அத்தனை பேர் முன்னால், உன் முழுப்பெயரைச் சொல்லி, வாடி போகலாம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். வரிசையில் நின்ற அதே பெயர்க்காரி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். நீ திரும்பவில்லை. எனக்காகக் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டினாய். இங்கேயிருந்து கூப்பிட்டால் அவ்வளவு தூரம் கேட்காது என்று நீ சொன்னது, என்னைத் தேற்றுவதற்காக என்று இப்போது புரிகிறது.

சில வாரங்களில் தூக்கத்திலேயே போய்விட்டாய். இதயம் என்றார்கள். உன் தம்பி உன் காரியத்தோடு அப்பாவுக்கும் சேர்த்துச் செய்தான். ஏன் இப்போது என்று கேட்டேன். "அக்காதான் சொன்னாங்க. அப்பா வந்துட்டாரு, இனிமே அனுப்பி வைக்கலாம்னு." ஐயர் கோவிந்தசாமி என்று பெயர் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விடச்சொன்னார். இத்தனை வருடம் வழியில் நின்றவர் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார். பிறகு உன் பெயரைச் சொன்னார். இங்கே இல்லாதவளை எங்கேயிருந்து அனுப்புவது?

ஹூலியோவுக்கு எழுதிக் கேட்டேன். எந்தப் பெயரைக் கூப்பிட்டோமோ அந்தப் பெயர்தான் வரும், இன்னொன்று காத்திருக்கும், அவள் உடுத்திய ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லுங்கள் என்று பதில் போட்டார். மழைக்காலம் முடிந்ததும் போகிறேன். உன் மழைக்கோட்டைத் தம்பி கொடுத்திருக்கிறான். என் முழங்கால்கள் எதிர்ப்புத் தெரிவித்துவிட்டன, வீட்டுக்காரர் எனக்குப் பைத்தியம் என்று உறவினர்கள் எல்லாரிடமும் தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். நீ அந்தக் கல்வரப்பைவிட்டு எங்கும் போகாதே.

உன்னால் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. எங்கிருந்து கிளம்பினாலும், எம்ஆர்டி ரயில் இருக்கையோ பல் மருத்துவர் நாற்காலியோ, ஒரு நொடி நின்று என் பெயரை நானே முணுமுணுத்து, வா போகலாம் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆட்கள் விலகி நிற்கிறார்கள். வசதியாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கடவுச்சீட்டிலும் 'டாட்டர் ஆஃப்'தான் இருக்கிறது. ஒவ்வொரு முகாமிலும் ஹூலியோ கூப்பிட்டது என் அப்பாவின் பெயரைத்தான், என் பெயரை அங்கே யாரும் கூப்பிடவில்லை. அவர் இங்கே பாசிர் ரிஸ் வீட்டில் உயிரோடு, திடமாக இருக்கிறார். கேட்டுப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க அவருக்கு ஒரு புரைகூட ஏறவில்லையாம்.