சூடானதும் மேலேறும் குண்டு

ஆகஸ்ட் 4
துப்பாக்கிக்குப் புதுக் குழல் போட்டாயிற்று. ஐலா அக்காவின் வீட்டுக்காரர் ஒய்வா அத்தான் தன் பட்டறையிலேயே மாட்டித் தந்தார். பழையதைவிடத் தடிமன். “இனிமே கொசுவைக்கூட அடிக்கலாம்” என்றார். முதல் குண்டு நடுவில். இரண்டாவது அரைச் சாண் மேலே. மூன்றாவது எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 9
சுடும் தேர்வில் தோற்றேன். நான்கு குண்டும் வட்டத்துக்குள் விழ வேண்டும், இரண்டுதான் விழுந்தன. இருபது வருடத்தில் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை! அத்தான் எல்லார் முன்னாலும் சொல்கிறார்: “துப்பாக்கில ஒண்ணுமில்ல ஹெல்கா. வெடிக்கிறதுக்கு முன்னாடியே பயந்து கையை உதறிடுற.”
வேட்டைக் குழுவின் தலைவரும் அவர்தான். மாதக் கடைசியில் மறுதேர்விலும் தோற்றால், சதுப்போரத்தில் நின்று சுடுகிற என் இடம் போச்சு. துப்பாக்கி இல்லாமல், கத்திக்கொண்டே மூஸ் மான்களை விரட்டுகிற வேலைதான் எனக்கு.

ஆகஸ்ட் 10
நானா பயப்படுகிறேன்?

ஆகஸ்ட் 13
டெலஸ்கோப்பை இறுக்கினேன். தோட்டாவை மாற்றினேன். அதே கதை. தூக்கி ஏரியில் எறியலாம் போல ஆத்திரம் வருகிறது.

ஆகஸ்ட் 17
ஐலா அக்காவிடம் சொன்னேன்: “எனக்குத் தெரியாம மருந்தில்லாத வெத்துத் தோட்டா ஒண்ணு ரெண்டு கலந்து போடுக்கா. கையை உதறினா அதுல தெரிஞ்சிடும்.” வெற்றுத் தோட்டாவில் விசையை இழுத்தேன். குழல் ஆடவே இல்லை. “கல்லு மாதிரி நிக்குதுடி, உன் அத்தான் சும்மா உளர்றார்” என்றாள். அப்போ என்மேல் தப்பில்லை. பிறகு என்ன எழவு இது?

ஆகஸ்ட் 18
குழல் ஆறியிருந்தால் குண்டு நடுவில். சூடாகச் சூடாக மேலே... அட மக்கு! தேர்வுச் சீட்டைக் குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தேன். பாதியில் சிக்கிக்கொண்டது. தடித்த குழலுக்குக் கட்டையின் பழைய பள்ளம் போதவில்லை. சூடேறினால் மரம் குழலை முட்டி மேலே தள்ளுகிறது. விளக்குமாற்றுக் கம்பில் உப்புத்தாளைச் சுற்றி, சாயங்காலம்வரை பள்ளத்தைத் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 23
ஐந்து குண்டு. ஐந்தையும் ஒரு காப்பிக் கோப்பையால் மூடலாம். “குருட்டு அதிர்ஷ்டம்” என்றார் அத்தான். “அப்ப நீங்களே சுடுங்க” என்று நீட்டினேன். அக்கா தோட்டா போட்டுக் கொடுத்தாள். மூன்றாவது வெற்று. விசையை இழுத்தார். வெடிச் சத்தம் இல்லை. குழல் மட்டும் வெடுக்கென்று தரையைப் பார்த்தது.
சிரிக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 24
அத்தான் வந்தார். காப்பியைத் தள்ளி வைத்தார். “எத்தன வருஷமா இப்படின்னு தெரியலயே ஹெல்கா. போன வருஷம் நான் சுட்டுக் காயத்தோட ஓடிப்போச்சே அந்த மான் கன்னு... தேடிப் பிடிக்க நாய் சரியில்லன்னு சொல்லிட்டேன்.”

ஆகஸ்ட் 30
தேறிவிட்டேன். நான்கும் உள்ளே.

அக்டோபர் 12
வேட்டையின் முதல் நாள். பட்டியலில் சதுப்போரம் எனக்கு. விரட்டுகிறவர்களில் முதல் பெயர் ஒய்வா; அவர் கையெழுத்தேதான். பதினொரு மணிக்கு மரங்களுக்குப் பின்னாலிருந்து அவர் கத்தினார்: “ஹெல்கா! உன் பக்கந்தான் வருது, விட்டுடாத!”
விடவில்லை.