பாலும் சீஸும் மட்டும்தான்

மார்ச் 4, 2015
இன்றும் சாப்பாட்டு மேசையில் அதே பாட்டு. "உன் மலிவு சார்ஜர்தான்டி வீட்டக் கொளுத்துச்சு." எந்த மலிவு சார்ஜர்? டேப்லெட்டோடு பெட்டியில் வந்த சார்ஜர் அது. ஊதி வெடித்தது பேட்டரி. என் வீட்டுக்காரர் கயேத்தானிடம் சொன்னால் ஏறுமா? கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஏறியதில்லை. அணைக்கப் போய்க் கை வெந்த மகள் மிரேலும் அப்பா பேச்சை நம்பி, தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம். ஒரு போன் கிடையாது.

மார்ச் 7
அதே டேப்லெட் அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் எரிந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து கம்பெனிமேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நான் பைத்தியமில்லை!

மார்ச் 12
டெட்ராய்ட் வக்கீல்: "நீங்க கனடாவுலல்ல இருக்கீங்க? இது அமெரிக்காவுல குடியிருக்கறவங்களுக்கு மட்டும்மா." போனை வைத்துவிட்டான்.

மார்ச் 13
கனடாவிலும் தனி வழக்கு நடக்கிறதாம். டொராண்டோ வக்கீல் ஆபீஸ் பெண் ரசீதைப் பார்த்துவிட்டு, "டெட்ராய்ட் விலாசத்துக்கு வந்திருக்கே?" என்றாள். பின்னே? மலிவாக வாங்க, ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ராய்டில் பார்சல் பெட்டி வாடகைக்கு எடுக்காதவர் இந்தப் பக்கம் எங்கள் வின்ட்சரில் யார்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால், எங்கள் பிழைப்பே அதுதான். "அப்போ கனடாவுக்குள்ள கொண்டுவந்த சுங்கச் சீட்டு அனுப்புங்க."

சீட்டா! எல்லைப் பாலத்துச் சுங்கச் சாவடியில் என்ன வாங்கி வருகிறீர்கள் என்று கேட்டபோது, டேப்லெட்டைக் காலடியில் தள்ளிவிட்டு இந்த மனிதர் சொன்னது: "பாலும் சீஸும் மட்டும்தான் சார்." பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன்.

மார்ச் 15
சீட்டு இல்லையென்றால், கொண்டுவந்தவர் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடலாமாம். சொன்னதும் குதித்தார்.
"எல்லையில பொய் சொன்னேன்னு நானே எழுதித் தரணுமா? எல்லை தாண்டற என் பாஸப் பிடுங்கிடுவான். லாரி ஓட்டறவன் பாஸ் இல்லாம மண்ணையா திங்கறது?"
"நான் மட்டும் காலத்துக்கும் வீட்டக் கொளுத்தினவளா இருக்கணுமா?"
வெறுக்கிறேன் இவரை. எழுதிவிட்டேன், இந்த வரியை அடித்துவிடப்போவதில்லை.

மார்ச் 18
வழக்குக் காகிதம் அத்தனையும் மிரேலுக்கு அனுப்பினேன். படிக்கட்டும்.

மார்ச் 20
மிரேல் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். என்ன சொன்னாளோ, நோட்டரியிடம் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தார். காகிதத்தை என்முன் எறிந்தார்.
"திருப்தியா?"
"இல்ல."

ஜூன் 9
பாஸ் போய்விட்டது. மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. நிம்மதி.

நவம்பர் 13, 2016
வழக்கு சமரசத்தில் முடிந்தது. கடிதத்தின் முதல் வரியே "எந்தத் தவற்றையும் ஒப்புக்கொள்ளாமல்" என்று தொடங்குகிறது. பாவிகள்.

மிரேல் சாப்பிட வந்திருந்தாள். படித்துவிட்டு, "அப்போ ஒருத்தர்கூடத் தப்ப ஒத்துக்கலயாம்மா?" என்றாள்.
"உங்கப்பா ஒருத்தர்தான். அதுவும் பாலுக்கும் சீஸுக்கும்."
கயேத்தான் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.
"சார்ஜர் பெட்டியோடயே வந்ததுதான்," என்றார்.